திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நாளைக்கு முன்னால் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். "மாப்ளே, நீ முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல புவியியல் நடத்தினவன். பிள்ளைகளை மலைக்கெல்லாம் கூட்டிட்டுப் போனவன். வர்ற ஜனவரி கடைசியில நாம கொடைக்கானல் மலையில ஒரு நாள் நடைப்பயணம் போறோம்ல, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு. இயற்கை அழகெல்லாம் எடுத்துச் சொல்லு. கேட்டவுடனே எல்லாரும் பேர் கொடுத்துடணும்" என்றார். சரி என்றேன். கையோடு கொண்டுவந்த சுற்றறிக்கையையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அதைப் படித்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். இயற்கை அழகை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்வது, மீதி நேரம் முழுவதும் இந்தச் சுற்றறிக்கையைப் பற்றிப் பேசுவது. செயலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். மூன்று வருடம் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர். என் பேச்சை அப்போதும் கேட்டதில்லை. இந்த ஒரு முறையாவது கேட்கட்டும்.

முதலில் அழகு. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து 120 கிலோமீட்டர். 1845-இல், மதுரை வெயிலையும் காய்ச்சலையும் தாங்க முடியாமல் அமெரிக்க மிஷனரிமார்கள் அங்கே போய் வீடு கட்டினார்கள். மலைச்சாலை போட்டு முடிந்தது 1914-இல்தான். அதுவரை எப்படிப் போனார்கள்? ரயிலடியில் இறங்கி, இரவு முழுவதும் மாட்டுவண்டியில் வந்து, பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பில் இறங்குவார்கள். அங்கிருந்து குதிரைப் பாதையில் ஏற்றம். நடக்க முடிந்தவர் நடந்தார், முடியாதவர் டோலியில் போனார். வெயில் ஏறுமுன் மலை ஏறிவிட வேண்டும் என்பதற்காகவே இரவில் வண்டி கட்டினார்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் போகப் போவது வட்டக்கானல் வழியாக. சாலையை விட்டு இறங்கியவுடன் ஒற்றையடிப் பாதை. இருபுறமும் மரங்கள். மண் கரைந்து போனதால் வேர்கள் எல்லாம் வெளியே வந்து, யாரோ படிக்கட்டு வெட்டி வைத்தாற்போலப் பின்னிக் கிடக்கும். இறங்கிக்கொண்டே போனால் காடு சட்டென்று விலகும். டால்பின் நோஸ் என்கிற தட்டைப் பாறை வெட்டவெளியில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். பாறை முடியும் இடத்தில் பூமியும் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். தெளிவான நாளாக இருந்தால் கீழே பெரியகுளம் சமவெளி, தென்னந்தோப்பு, குளங்கள், வயல்கள் எல்லாம் தரைப்படம் விரித்தாற்போலத் தெரியும். வகுப்பில் நான் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டிய பள்ளத்தாக்கு, முகடு, மழைமறைவுப் பகுதி எல்லாவற்றையும் பிள்ளைகள் அங்கே நின்று பத்து நிமிடத்தில் புரிந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவாவது நீங்கள் ஒவ்வொருவரும் அங்கே வரவேண்டும். அழகு முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி சுற்றறிக்கை. அப்படியே வாசிக்கிறேன். "காலை 6.00 கல்லூரி வாசலிலிருந்து பேருந்து புறப்பாடு. 10.00 கொடைக்கானல், சிற்றுண்டி. 11.00 வட்டக்கானலிலிருந்து நடை தொடக்கம். பிற்பகல் 1.00 வெள்ளகவி கிராமம், மதிய உணவு, கலை நிகழ்ச்சிகள். 3.00 புறப்பாடு. 5.00 வட்டக்கானல், தேநீர். இரவு 10.00 மதுரை. பழைய மாணவர் 30 பேர், மாணவ மாணவியர் 30 பேர்."

படிக்க எவ்வளவு அழகாக இருக்கிறது! கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரு நிமிடம் பிசகாமல் போட்டிருக்கிறார்கள். ஆனால் கல்யாணத்தில் முகூர்த்தம் தவறினால் ஐயர் ஏதாவது ஒரு வழி சொல்வார். மலையில் சூரியன் நமக்காகக் காத்திருக்காது. ஜனவரி கடைசியில் அந்தப் பக்கம் சூரியன் மறைவது மாலை ஏறக்குறைய 6.20. நம் நாட்டில் அந்திப்பொழுது சீக்கிரம் முடிந்துவிடும். மறைந்து அரைமணியில் இருட்டு. காட்டுக்குள்ளே அதற்கும் முன்னாலேயே கால் வைக்கும் இடம் தெரியாது.

இப்போது கணக்குப் போடுவோம். மலை நடைக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-இல் சொன்னது. சமதூரத்துக்கு மணிக்கு 5 கிலோமீட்டர். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளகவிக்கு ஒரு வழி 7 கிலோமீட்டர், இறக்கம் 600 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தம்பிகள் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 1:50,000 அளவுள்ள படத்தில் இரண்டு சம உயரக்கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர். முப்பது கோட்டைக் கடந்தால் 600 மீட்டர்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நாம் பழகிய மலையெல்லாம் எப்படி? அழகர்மலை, திருப்பரங்குன்றம், பழனி எதுவானாலும் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். உடம்பில் தெம்பு இருக்கும்போது ஏறுகிறோம். களைத்த பிறகு இறங்கி வந்துவிடுகிறோம். முடியாவிட்டால் பாதியில் உட்கார்ந்து, மெதுவாக இறங்கிவிடலாம். வட்டக்கானலில் இது தலைகீழ். காலையில் போகும்போது இறக்கம். சிரித்துப் பேசி, பாட்டுப் பாடி, ஓடியே இறங்கிவிடலாம். மத்தியானம் சாப்பிட்டு, கால் களைத்து, தண்ணீர் தீர்ந்த பிறகுதான் ஏற்றம் வரும். "நல்லாத்தானே இருக்கு, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்" என்று இறங்குகிற ஒவ்வொரு அடியையும் திரும்ப ஏறியாக வேண்டும்.

நெய்ஸ்மித் கணக்குப்படி திரும்பும் வழிக்கு எவ்வளவு? 7 கிலோமீட்டருக்கு 1 மணி 24 நிமிடம். ஏற்றத்துக்கு 1 மணி. ஆக 2 மணி 24 நிமிடம். இது நல்ல தேகக்கட்டு உள்ள ஒருவர், எங்கும் உட்காராமல் நடப்பதற்கு. நம் கூட்டத்தில் முப்பது பேருக்கு வயது அறுபதை ஒட்டி. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முழங்கால், இரண்டும் உள்ளவர்கள் மேடையிலேயே இருக்கிறோம். அறுபது பேர் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக ஏறினால் கணக்கை இரட்டிக்க வேண்டும். ஏறக்குறைய 5 மணி நேரம். 3 மணிக்குப் புறப்பட்டால் வந்து சேர்வது இரவு 8 மணி. சுற்றறிக்கையில் தேநீர் 5 மணிக்கு! இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் ஒரு மணிக்கு மேல் கும்மிருட்டு. காட்டுமாடு நடமாடும் காடு. வேர் பின்னிய பாதை. கையில் செல்போன் வெளிச்சம். அதுவும் மத்தியானம் வரை படம் எடுத்துத் தீர்த்த பேட்டரி.

நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும். ஆனால் மலைப்பயணத் திட்டத்தை எழுதும்போது புறப்படும் நேரத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. திரும்பி வந்து சேரும் நேரத்தை முதல் வரியாக எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய நடையை வைத்துத்தான் அந்தக் கணக்கைப் போட வேண்டும். இந்த இரண்டும்தான் நான் இன்று சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

இப்படி எழுதினால் என்ன பலன் என்று கேட்பீர்கள். ஒரு அனுபவம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளியின் ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் ஒரு ஜனவரியில் இதே டால்பின் நோஸுக்குப் போனோம். முன்னின்று நடத்தியவர் எங்கள் ஓவிய ஆசிரியர். அதிகம் பேசமாட்டார். ஒரு சின்ன அட்டையில் "பாறையை விட்டுக் கிளம்புவது 12.00" என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அன்றைக்கு வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒருவருக்கும் எழுந்திருக்க மனசில்லை. "அண்ணே, ஒரு அரைமணி, இன்னொரு சுற்று சீட்டு" என்று கெஞ்சினோம். அவர் அட்டையை எடுத்துக் காட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். முணுமுணுத்துக்கொண்டே ஏறினோம். கால்மணி நேரம் போயிருக்காது, கணக்கு ஆசிரியருக்கு வேரில் கால் மாட்டிச் சுளுக்கிக்கொண்டது. பாதம் வீங்கி ஊன்ற முடியவில்லை. இரண்டு பேர் தோள் கொடுத்து, பத்தடிக்கு ஒருமுறை உட்கார வைத்து, ஒரு மணி நேரத்தில் ஏற வேண்டிய ஏற்றத்தை ஏறி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு மணி வாக்கில் மூடுபனி வந்து, முன்னால் போகிறவர் முதுகு கூடத் தெரியவில்லை. ஆனாலும் மூன்று மணிக்கு, பகல் வெளிச்சத்திலேயே சாலைக்கு வந்து சேர்ந்துவிட்டோம். அரைமணி அரைமணியாக நாங்கள் கேட்டதை அவர் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கு ஆசிரியர்தான் அப்புறம் அடிக்கடி சொல்வார். அவருக்குத்தான் கணக்கு நன்றாகத் தெரியும்.

நேரம் போலவே மாதமும் முக்கியம். 2018 மார்ச் 11 யாருக்கும் மறந்திருக்காது. நம் பக்கத்துத் தேனி மாவட்டம், குரங்கணி மலை. சென்னையிலிருந்து ஒரு குழு, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து ஒரு குழு. பெரும்பாலும் இளம் வயதினர். முதல் நாள் கொழுக்குமலைக்கு ஏறி, மறுநாள் இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். அங்கேயும் மருத்துவமனைகளிலுமாக 23 உயிர்கள் போயின. இங்கே உட்கார்ந்திருக்கும் தங்கைகளின் வயதுடைய பெண்கள் அதில் இருந்தார்கள். யார் மேலும் குற்றம் சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. ஒரு புவியியல் ஆசிரியனாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். மழை நின்று இரண்டு மாதம் ஆனால் நம் மலைகளின் கிழக்குச் சரிவில் புல் காய்ந்துவிடும். ஆள் உயரப் போதைப்புல், காற்று, மேல்நோக்கிய சரிவு மூன்றும் சேர்ந்தால் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. மார்ச் மாதம் நமக்கு விடுமுறை கிடைக்கிற மாதமாக இருக்கலாம். மலை நம்மை அழைக்கிற மாதம் அது அல்ல. அதே 2018-இல் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை சார்பில் "ட்ரெக் தமிழ்நாடு" என்ற திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தார்கள். தீப்பருவத்தில் பாதைகளை மூடுவதும் உண்டு. ஆகவே அனுமதி என்பது வெறும் காகிதச் சடங்கு அல்ல. "இன்னின்னார் இந்தப் பாதையில் போயிருக்கிறார்கள், இத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்" என்று வெளியில் ஒருவருக்குத் தெரிந்திருப்பதுதான் அனுமதி. தெரிந்தால்தானே தேடி வருவார்கள்?

அந்தக் கண்ணோடு பார்த்தால் செயலாளர் ஜனவரியைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி. கை தட்டலாம். (கைதட்டல்) அக்டோபர், நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. வேர்ப்பாதை வழுக்கும், அட்டை ஏறும். ஏப்ரல், மே என்றால் பிற்பகலில் இடி மின்னலோடு கோடை மழை, கூடவே ஊரெல்லாம் கூட்டம். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு, தீப்பருவத்துக்கு முன்னால், ஜனவரி கடைசிதான் தெளிந்த வானம். காலையில் நடுங்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி உடம்பு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். மதுரையில் 30 டிகிரி என்றால் கொடைக்கானலில் 17 டிகிரி. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அந்த உயரத்தில் காற்றழுத்தமும் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவு என்பது. இங்கே மாடிப்படி ஏறும்போது வராத மூச்சிரைப்பு அங்கே வரும். வெள்ளியங்கிரி மலை ஏறிய பக்தர்கள் மூச்சுத்திணறியும் மாரடைப்பிலும் இறந்த செய்திகளை 2024-இலும் படித்தோம். அவர்கள் எல்லோரும் நோயாளிகள் என்று தெரிந்தா போனார்கள்? ஆகவே ஐம்பதைத் தாண்டிய நண்பர்கள் ஒவ்வொருவரும் பெயர் கொடுக்குமுன் மருத்துவரைப் பார்த்து, "ஏற்றம் ஏறலாமா" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். கேட்கிற கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "டூர் போகலாமா டாக்டர்" என்று கேட்டால் "தாராளமா போங்க" என்றுதான் சொல்வார்.

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வாரம் மூன்று நாள் மாடிப்படி. ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து நூபுரகங்கை வரை நடை, முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீரோடு. நான்கு ஞாயிறு ஏறி இறங்கிவிட்டால் யார் எவ்வளவு வேகம் என்பது தானாகத் தெரிந்துவிடும். அன்றைக்குப் போடுகிற காலணியையே மலைக்கும் போடுங்கள். பயணத்துக்கென்று புதுக் காலணி வாங்குகிறவர் கொப்புளத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

நடக்கும் முறை. அறுபது பேர் ஒரே கூட்டமாகப் போனால் அது திருவிழா. பதினைந்து பேராக நான்கு குழு. ஒவ்வொன்றிலும் பாதி மாணவர், பாதி பழைய மாணவர். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முன்னவரைத் தாண்டி யாரும் போகக்கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. மெதுவாக நடப்பவரை முன்னவருக்கு அடுத்தபடியாக நடக்க விடுங்கள். அவர் வேகமே குழுவின் வேகம். தம்பிகளுக்கு இது கஷ்டமாக இருக்கும், தெரியும். மெதுவாக வருகிறவரைப் பின்னால் விட்டுவிட்டு, ஒரு திருப்பத்தில் போய் உட்கார்ந்து பத்து நிமிடம் இளைப்பாறி, அவர் மூச்சு வாங்கி வந்து சேர்ந்தவுடன் "வாங்க சார் போகலாம்" என்று எழுந்துவிடுகிறோம். நமக்கு ஓய்வு கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் விழுகிறவர் அவராகத்தான் இருப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ண வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளா நாங்கள் என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளாவது சொன்ன இடத்தில் நிற்பார்கள்.

பையில் என்ன வேண்டும்? ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வீட்டிலிருந்து கொண்டுவரும் எவர்சில்வர் பாட்டிலில். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருப்பதை மறந்துவிடாதீர்கள். புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ ஒரு பொட்டலம், கடலை மிட்டாய், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி. குடை வேண்டாம், மழைச்சட்டை போதும். தொப்பி, ஒரு ஸ்வெட்டர், டார்ச் விளக்கு, ஒரு விசில். குழுவுக்கு ஒரு முதலுதவிப் பை. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை பேருந்தில் இருக்கும் பெட்டியில் அல்ல, முதுகில் இருக்கும் பையில். பாதையில் கழிப்பறை கிடையாது. கிளம்பும் இடத்தில் பெண்களுக்கு வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானல் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. அதை வாங்கும் பொறுப்பு ஒருவருக்கு. இன்னொன்று. பழைய மாணவர் சுற்றுலா என்றால் சில பைகளில் சில பாட்டில்கள் வரும். எந்தப் பை என்றுகூட எனக்குத் தெரியும். அந்தப் பாட்டில் மதுரையிலேயே இருக்கட்டும். பாறை விளிம்பும் அதுவும் சேரக்கூடாது.

விளிம்பைப் பற்றித் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பாறை நுனியில் நின்று படம் எடுக்கப் போய் விழுந்தவர்கள் செய்தியை ஒவ்வொரு மலையிலும் படிக்கிறோம். பாறை பனியில் நனைந்திருந்தால் சோப்பு மாதிரி. நுனியிலிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளி நில்லுங்கள். பள்ளத்தாக்கு அங்கிருந்தும் அவ்வளவே பெரிதாகத் தெரியும்.

இனி வெள்ளகவி. நெடுங்காலம் சாலையே இல்லாமல், அரிசி பருப்பைக் குதிரையிலும் தலையிலும் சுமந்து வாழ்ந்த ஊர் அது. கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால் ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. அந்த ஊரை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று செயலாளர் நினைத்தது நல்ல எண்ணம். ஆனால் அறுபது பேர் மத்தியானம் போய் இறங்கி, கேட்காமல் கலை நிகழ்ச்சி நடத்தி, இருட்டுமுன் ஓடிவருவது அந்த ஊருக்கும் மரியாதை இல்லை, நமக்கும் நல்லதில்லை. அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளலாம். வனத்துறை அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டியோடு, பழகிய கால் உள்ள பத்துப் பன்னிரண்டு பேர் விடியற்காலையில் வட்டக்கானலில் இறங்கத் தொடங்கி, வெள்ளகவி வழியாகக் கும்பக்கரையில் போய் முடிக்கலாம். வண்டி அங்கே காத்திருக்கட்டும். அப்போது திரும்ப ஏறும் ஏற்றமே கிடையாது. முழங்கால் மட்டும் பலமாக இருக்க வேண்டும்.

ஜனவரிப் பயணத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் அட்டவணை இதோ. கீழிருந்து மேலாகத்தான் எழுதினேன், படிக்கும்போது மேலிருந்து கீழாகப் படிக்கிறேன்.

முதல் நாள் மாலை: கொடைக்கானல் வந்து தங்குதல். இரவு 9.30-க்குப் படுக்கை. பழைய கதைகள் 9.29 வரை.
காலை 7.00: சிற்றுண்டி.
8.00: வட்டக்கானல். குழு பிரித்தல், தலை எண்ணுதல்.
8.15: நடை தொடக்கம்.
9.45: டால்பின் நோஸ். இயற்கைக் காட்சி, மாணவர்களுக்குப் பாறை, காடு பற்றிய விளக்கம், கட்டுச்சோறு.
11.30: திரும்புதல். வானம் எப்படி இருந்தாலும், எவ்வளவு சுகமாக இருந்தாலும்.
1.30: வட்டக்கானல். தலை எண்ணுதல், தேநீர்.
3.00: இதற்கு மேல் ஒருவர் பாதையில் இருந்தாலும் உதவிக்கு ஆள் அனுப்பும் நேரம். அதற்காக நான்கு பேர் சாலையிலேயே இருப்பார்கள்.
3.30: பேருந்து புறப்பாடு.
இரவு 8.00: கல்லூரி வாசல். மாணவியரின் பெற்றோர் வந்து அழைத்துச் செல்ல வசதியான நேரம்.

"என்னப்பா, போக வர நாலு கிலோமீட்டர்தானா, இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. ஆமாம், நான்கு கிலோமீட்டர்தான். 1.30-க்கும் 3.00-க்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் சும்மா விட்டிருக்கிறேன். எல்லாம் நன்றாக நடந்தால் அந்த ஒன்றரை மணியைத் தேநீர்க் கடையில் அரட்டையடித்துக் கழிக்கலாம். யாருக்காவது கால் சுளுக்கினால், யாருக்காவது நெஞ்சு படபடத்தால், மூடுபனி சீக்கிரம் இறங்கினால், அவருக்காக அந்த ஒன்றரை மணி ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டில் அம்மா அரிசி களையும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைப்பார்களே, அது மாதிரி.

இன்னொரு காரணமும் உண்டு. நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்தக் கல்லூரியிலிருந்து ஒரே வேகத்தில் வெளியே ஓடினோம். இன்றைக்கு ஒருவர் கார் வைத்திருக்கிறார், ஒருவர் கைத்தடி வைத்திருக்கிறார். வெள்ளகவி போட்டால் கைத்தடி வைத்திருப்பவர் பேர் கொடுக்க மாட்டார். "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்று சொல்லிவிடுவார். டால்பின் நோஸ் என்றால், பழகிக்கொண்டு, மருத்துவரும் சரி என்று சொன்னால், மெதுவாக அவரும் வருவார். மூணாறு, இரவிகுளம் பக்கம் நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. இனி 2030. அதற்கும் ஒரு பயணம் போடுவோம். அதற்கும் இதே ஆட்கள், ஒருவர் குறையாமல் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வாசலில் மேசை மீது பதிவேடு வைத்திருக்கிறார்கள். பெயர், செல்போன் எண், ரத்த வகை, வீட்டில் தகவல் சொல்ல வேண்டியவர் எண், சாப்பிடும் மாத்திரை என்று ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன். ஐந்தையும் நிரப்பியவர் பெயரை மட்டும் செயலாளர் எடுத்துக்கொள்வார். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அழகர்கோவில் அடிவாரத்தில் முதல் பயிற்சி நடை. தம்பி தங்கைகள் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள். உங்கள் அண்ணன்மார்களைக் கை பிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டும்.